முட்டி தேய்மானத்துக்கு கனிம மணல் சிகிச்சை: யாராவது ஒழுங்கா டெஸ்ட் பண்ணி பாத்திருக்காங்களா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 64 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், எக்ஸ்ரே பாத்துட்டு கிரேடு 3னு எழுதிக் குடுத்திருக்காங்க, வலது கால்தான் ரொம்ப மோசம். மாடிப்படி ஏறுறது கூட பரவால்ல, இறங்குறப்பதான் கைப்பிடிய பிடிச்சிக்கிட்டு ஒவ்வொரு படியா பக்கவாட்டுல இறங்குறாங்க. கீழ உக்காந்து அருவாமனைல காய் நறுக்குறத எப்பவோ விட்டாச்சு.

இப்ப விஷயம் என்னன்னா சித்தப்பா ஒரு வீடியோ அனுப்பிச்சார், சீனாவுல துர்பான்னு ஒரு ஊரு, பாலைவனத்துல வரிசையா குடைய நட்டு வச்சு அதுக்கு கீழ ஆளுங்கள இடுப்பு வரைக்கும் சுடுமணல்ல புதைச்சு வச்சிருக்காங்க. அதப் பாத்ததுல இருந்து அம்மாவுக்கு அதே நெனப்பு. அதோட விட்டிருந்தா பரவால்ல, 'இயற்கை கனிம மணல்' முட்டிப் பட்டைனு ஒண்ணு ஆன்லைன்ல விக்கிறாங்க, துணில சின்ன சின்ன அறையா தச்சு உள்ள கருப்பு மணல போட்டிருக்கு, மைக்ரோவேவ்ல மூணு நிமிஷம் வச்சு முட்டில கட்டிக்கணுமாம். ஜோடி 4,800 ரூபா. மணல்ல இருக்கிற தாதுவெல்லாம் தோல் வழியா உள்ள போயி தேஞ்ச ஜவ்வ வளர்க்குதாம்.

நம்பலாமா கூடாதானு நான் கேக்கல. இத எவனாவது முறையா டெஸ்ட் பண்ணா எப்படி பண்ணுவான், என்ன தெரிஞ்சா இது வேலை செய்யுதுனு ஒத்துக்கலாம்? அம்மாகிட்ட "சும்மா இரு"ன்னு சொல்லி வாய அடைக்கிறதுக்கு எனக்கு மனசு வரல.

சும்மா_வந்தேன்:
4,800 ரூபாய்க்கு எங்க ஏரியால எம் சாண்ட் வீட்டு வாசல்ல கொண்டாந்து கொட்டுவான் பாஸ். குடும்பத்தோட புதைஞ்சுக்கலாம்.

பிசியோ_கோவை:
சிரிப்பு இருக்கட்டுங்க, கேள்வி நல்ல கேள்வி. துர்பான் விஷயத்த மொதல்ல சொல்லிடறேன். அது ஜின்ஜியாங்ல இருக்கிற ஒரு பள்ளத்தாக்குங்க, அதோட அடிப்பகுதி கடல் மட்டத்துக்கு 150 மீட்டருக்கும் கீழ கிடக்குது, மழைனு பாத்தா வருஷத்துக்கு 16 மில்லிமீட்டர் பக்கம்தான். கோடைல காத்தே 40 டிகிரிய தாண்டும், மணலோட மேல்பரப்பு 70ஐயும் தாண்டிப் போயிரும். உய்குர் ஜனங்க தலைமுறை தலைமுறையா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் முட்டிவலி, இடுப்புவலி, வாதம்னு வந்து புதைஞ்சு படுத்துக்கறாங்க. மேலாப்புல இருக்கிற கொதிக்கிற மணல தள்ளிட்டு, தாங்கற சூட்டுல குழி தோண்டி, கால போட்டு மூடிக்குவாங்க. தினமும் கொஞ்ச நேரம், பல நாள் தொடர்ந்து.

எகிப்துல சீவா பாலைவனச் சோலைல தக்ரூர் மலையடிவாரத்துலயும் இதே மாதிரிதான். கழுத்து வரைக்கும் புதைச்சு, எடுத்து கூடாரத்துக்குள்ள போர்த்தி உக்கார வச்சு சூடா டீ குடுப்பாங்க, குளிர்ந்தது எதையும் கிட்டயே கொண்டு வர விடமாட்டாங்க.

இப்ப பாருங்க, இந்த ஒரு சிகிச்சைக்குள்ள எத்தன சமாச்சாரம் சேந்திருக்குனு. சூடு இருக்கு, மணலோட பாரம் அமுக்கறது இருக்கு, வேர்வை இருக்கு, வீட்டு வேலைய விட்டுட்டு பத்து நாள் படுத்து ஓய்வெடுக்கறது இருக்கு, கூட படுத்திருக்கறவங்க "எனக்கு போன வருஷமே சரியாப்போச்சு"ன்னு சொல்றது இருக்கு. கடைசில மணல்ல இருக்கிற தாது. விக்கறவங்க இந்த கடைசி ஒண்ண மட்டும் புடிச்சுக்கிட்டு மத்ததோட பலனையெல்லாம் அது கணக்குல எழுதிக்கறாங்க. அம்மாவுக்கு சுகர் இருக்குங்களா? பதில பொறுத்துதான் மேல பேசணும்.

ஃபுகுவோகா_தமிழன்:
நான் ஜப்பான்ல இருக்கேன், ககோஷிமா பக்கத்துல இபுசுகினு ஒரு ஊருக்கு போயிருக்கேன், அங்க கடற்கரை மணலுக்கு அடில வெந்நீர் ஊற்று ஓடுது, அதனால மணல் தானா சூடாகுது, சூரியனுக்கு அங்க வேலையே இல்ல. யுகாதானு பருத்தி அங்கி ஒண்ணு குடுப்பாங்க, அத மாட்டிக்கிட்டு தலைல துண்ட சுத்திக்கிட்டு குழில படுக்கணும், அங்க வேலை பாக்குறவங்க மண்வெட்டியால அள்ளி மேல போடுறாங்க. ஈர மணல்ங்க, நெனச்சத விட கனம். மணல் 50லருந்து 55 டிகிரினு சொல்றாங்க, பத்து நிமிஷம்தான் கணக்கு. ரெண்டு மூணு நிமிஷத்துலயே உள்ளங்கால்ல துடிப்பு தெரியும், எழுந்தா உடம்பே லேசாயிட்ட ஒரு ஃபீல். என் கூட வந்தவருக்கு முட்டிவலி உண்டு, அன்னைக்கு பூரா ஜாலியா நடந்தாரு, மறுநாள் ரயில் ஸ்டேஷன் படில பழைய கதை.

50 டிகிரி தண்ணில என்னால கால வைக்கவே முடியாது, மணல்ல மட்டும் எப்படி தாங்குது? இது எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

உலைக்கூடம்:
ஏன்னா மணல் வெப்பத்த மெதுவா குடுக்கும். ஒரு கிலோ மணலுக்குள்ள அடங்குற சூடு அதே எடை தண்ணில அடங்குறதுல அஞ்சுல ஒரு பங்குதான், அதோட மணிமணியா இருக்கறதால நடுவுல காத்து இடைவெளி வேற. தோல ஒட்டி இருக்கற மணல் சட்டுனு ஆறிடும், பின்னாடி இருக்கற மணல்லருந்து சூடு வந்து சேர நேரமாகும். தண்ணின்னா அதுவா சுழண்டு சுழண்டு சூட்ட கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்கும். ஈர மணல்னா இந்த வசதி குறையும், அதனாலதான் இபுசுகில பத்து நிமிஷத்தோட எழுப்பி விட்டுடறாங்க.

ஒற்றடம்_சித்தா:
நம்ம பக்கம் இது புதுசு ஒண்ணும் இல்லையே. சித்த மருத்துவத்துல புற மருந்து 32 வகை, அதுல ஒற்றடம் ஒண்ணு. தவிடு, உப்பு, நொச்சி இலை, மணல் எல்லாத்தையும் வறுத்து துணில கட்டி ஒத்துறதுதான். ஆயுர்வேதத்துல இதையே வாலுகா ஸ்வேதம்னு சொல்றாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க, அவங்க வறண்ட மணல் ஒத்தடத்த முக்கியமா சொல்றது ஆமவாதத்துக்கு, அதாவது வீக்கமும் கனமும் சேந்து வர்ற வகை. வயசானதால தேயுற முட்டிக்கு, நாங்க அழல் கீல்வாயுனு சொல்றதுக்கு, பெரும்பாலும் எண்ணெய் தடவி அதுக்கு மேல இலை ஒத்தடம்னுதான் போவோம், ஏன்னா அங்க ஏற்கனவே வறட்சி.

இன்னொண்ணு, எனக்கு சொல்லிக்குடுத்த பெரியவர் மணல சலிக்க சொல்வார், கழுவ சொல்வார், காயவச்சு இரும்புச் சட்டில வறுக்க சொல்வார், எந்த ஊரு மணல்னு ஒரு நாளும் கேட்டதில்ல. ஆத்து மணல் போதும். மணல் சூட்ட சுமந்துட்டு வர்ற ஆள், அவ்ளோதான். தாது உள்ள இறங்குதுங்கறது இந்த பட்டை வியாபாரிங்க சேத்த கதை, அத எங்க தலைல கட்டாதீங்க.

மணக்குடி_மைந்தன்:
நான் கன்னியாகுமரி மாவட்டம். கருப்பு மணல்னு கேட்டதும் வந்துட்டேன். எங்க கடற்கரைல மணவாளக்குறிச்சி பக்கம் அலை ஒதுக்குன கருப்பு மணல் பட்டை பட்டையா கெடக்கும், அதுல இல்மனைட், கார்னெட், ரூட்டைல், ஜிர்கான், சில்லிமனைட்னு தாது எல்லாம் உண்டு, மோனசைட்டும் உண்டு. அந்த மோனசைட்லதான் தோரியம், நம்ம ஊரு மோனசைட்ல 8லருந்து 10 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு இருக்கும். அது அணுசக்தி சட்டத்துக்கு கீழ வர்ற சரக்கு, லைசென்ஸ் இல்லாம எவனும் பட்டைல தச்சு விக்க முடியாது பாத்துக்கோங்க. தமிழ்நாட்டுல தாது மணல் அள்ளுறதுக்கே 2013ல தடை போட்டாச்சு. அப்ப இந்த ஆளு கருப்பு மணல எங்கேருந்து அள்ளுறான்னு மொதல்ல கேளுங்க.

இதச் சொன்னா சிலபேரு பிரேசில இழுப்பாங்க. அங்க குவாராபரினு ஒரு ஊரு, அரெய்யா பிரேட்டா கடற்கரை, அங்கயும் மோனசைட் மணல்தான், மூட்டுவலிக்காரங்க வந்து மணல மேல அள்ளிப் போட்டு படுத்துக் கெடப்பாங்க. ஜார்ஜியாவுல உரேக்கினு இன்னொண்ணு, அது காந்த மணல். கதிர்வீச்சு நல்லதுன்னு ஒரு கூட்டம், காந்தம் நல்லதுன்னு இன்னொரு கூட்டம்.

பயப்படவும் வேண்டாம், அதையும் சொல்லிருறேன். கேரளாவுல கருநாகப்பள்ளில இதே மணல் மேலதான் ஜனங்க காலங்காலமா வீடு கட்டி வாழுதாங்க, சுமார் 70 ஆயிரம் பேர பத்து வருஷத்துக்கு மேல தொடர்ந்து பாத்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த கதிர்வீச்சால புற்றுநோய் கூடுனதா அதுல தெரியல. ஆனா கெடுதி தெரியலங்கறதும் முட்டிய குணமாக்குதுங்கறதும் வேற வேற சங்கதி. கருநாகப்பள்ளில முட்டிவலியே கிடையாதுன்னு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல.

புள்ளிவிவரப்புலி:
கதிர்வீச்சு பத்தி மேல சொன்னதுக்கு ஒரு ஒட்டு. நெதர்லாந்துல முட்டி தேய்மானம் இருந்த 55 பேர ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு குறைஞ்ச அளவு ரேடியேஷன், மீதிப் பேருக்கு மெஷின் ஓடுற மாதிரி பாவ்லா, யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது பாக்குறவருக்கும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு பாத்தா நிஜ ரேடியேஷன் வாங்குனவங்கள்ல 44 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். பாவ்லா வாங்குனவங்கள்ல 43 சதவீதம். இந்த 43ஐ மட்டும் மனசுல வச்சுக்கங்க. ஒண்ணுமே பண்ணாத மெஷினுக்கு அடில கால நீட்டுன பத்துல நாலு பேரு முன்னேறி இருக்காங்க.

முட்டில இது இப்படித்தான். 2002ல அமெரிக்கா ஹூஸ்டன்ல மோஸ்லினு ஒரு சர்ஜன் 180 பேர மூணா பிரிச்சார், ஒரு குழுவுக்கு ஆர்த்ராஸ்கோப்பி, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமரா குழாய விட்டு உள்ள சுரண்டி சுத்தம் பண்ணது, ஒரு குழுவுக்கு உள்ள கழுவி விட்டது மட்டும், ஒரு குழுவுக்கு தோல கீறி தையல் போட்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம் பாத்தும் மூணு குழுவுக்கும் வலில வித்தியாசம் இல்ல. கத்திக்கே இந்த கதின்னா மணலுக்கு சொல்லவே வேணாம்.

அதுக்கு மேல வலி தானா ஏறி இறங்கும். மனுஷன் சிகிச்சைய தேடி ஓடுறது வலி உச்சத்துல இருக்கறப்ப, அதுக்கப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கும், இறங்குனதுக்கு அந்த நேரத்துல கட்டியிருந்த பட்டைக்கு பேரு போயிடும். இதனாலதான் "முன்னாடி வலி 8, பின்னாடி 4, நூறு பேரு" அப்படிங்கற மாதிரி முன்-பின் கணக்கு மட்டும் காட்டுற பேப்பர நான் பாதி கூட படிக்க மாட்டேன்.

வைகைக்கரை கேட்ட கேள்விக்கு வர்றேன். தாதுதான் வேலை செய்யுதுங்கறது அவங்க வாதம்னா எதோட ஒப்பிடணும்? சும்மா உக்காந்திருக்கவங்களோட ஒப்பிட்டா போதாது, மாத்திரையோட ஒப்பிட்டாலும் போதாது. அதே பட்டை, அதே எடை, அதே சூடு, அதே நேரம், உள்ள மட்டும் சாதாரண மணல். இந்த ஒப்பீடு இல்லாத எந்த டெஸ்ட்டும் தாது பத்தி ஒரு வார்த்தை கூட சொல்லாது, ஆயிரம் பேர வச்சு பண்ணியிருந்தாலும் சரி.

இது முடியாத காரியமும் இல்ல. சேத்துல ஏற்கனவே பண்ணியிருக்காங்க. இஸ்ரேல்ல 2002ல சாக்கடல் சேத்த வச்சு முட்டிக்கு ஒரு டெஸ்ட், ஒரு குழுவுக்கு இயற்கை சேறு, இன்னொரு குழுவுக்கு அதே சேத்துல தாது உப்ப எடுத்துட்டு குடுத்தாங்க. அதுல இயற்கை சேறு கட்டுனவங்களுக்குத்தான் வலி நல்லா குறைஞ்சுது, இதையும் மறைக்காம சொல்லணும். சின்ன டெஸ்ட், ஆனா கேள்விய சரியா கேட்ட டெஸ்ட். ஹங்கேரில கனிம வெந்நீர குழாத் தண்ணியோட இதே மாதிரி ஒப்பிட்டு பாத்திருக்காங்க.

வைகைக்கரை:
ஒரே மூச்சுல படிச்சேன். பிசியோ சார், அம்மாவுக்கு சுகர் இருக்கு, ரொம்ப வருஷமா மாத்திரை. சில நாள் பாதம் மதமதன்னு இருக்குனு சொல்வாங்க.

புலி சார், சேத்துல தாது வேலை செஞ்சுதுன்னா மணல்லயும் செய்யலாம் இல்லையா?

உலைக்கூடம்:
சேறுங்கறது ஈரம், உப்பு அதுல கரைஞ்ச நிலையில இருக்கு, தோல்ல அப்பி வச்சா ஏதோ கொஞ்சமாச்சும் பரிமாற்றம் நடக்க வாய்ப்பு உண்டு. மணல்ல தாதுங்கறது கல்லுக்குள்ள பூட்டி வச்ச தாது. இல்மனைட், ஜிர்கான், கார்னெட் எல்லாம் லட்சக்கணக்கான வருஷம் ஆத்துலயும் கடல்லயும் அடிபட்டும் கரையாம மிஞ்சுனதுங்க, கரையாததுனாலதான் கடற்கரைல வந்து சேருது. அத காஞ்ச நிலையில துணிக்குள்ள தச்சு, துணிக்கு மேல துணி வச்சு கட்டுனா தோலுக்குள்ள எது போகும்? கடலே கரைக்காத கல்ல உங்க அம்மாவோட வேர்வை கரைச்சிடுமா?

பிசியோ_கோவை:
சுகர் இருந்து பாதம் மதமதன்னு இருக்குன்னா இந்த பட்டை சமாச்சாரத்த அப்படியே நிறுத்தி வைங்க. நரம்பு உணர்ச்சி குறைஞ்ச காலுக்கு சூடு தெரியாது, தோல் வெந்து கொப்புளம் வந்ததுக்கு அப்புறம்தான் பாப்பாங்க, சுகர்காரங்களுக்கு அந்த புண்ணு ஆறறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 44 டிகிரி சூடே மணிக்கணக்குல, ஒரு ஆறு மணி நேரம் ஒரே இடத்துல இருந்தா தோல வேக வச்சிரும், அதனால கட்டிக்கிட்டு தூங்கறது யாரா இருந்தாலும் கூடாது. டாக்டர்கிட்ட போயி நைலான் இழை ஒண்ணால பாதத்துல குத்திப் பாக்கற டெஸ்ட் எடுங்க, 10 கிராம் மோனோஃபிலமென்ட்னு பேரு, ரெண்டு நிமிஷ வேலை. முட்டிய சுத்தியும் உணர்ச்சி எப்படி இருக்குனு பாக்க சொல்லுங்க. இதய நோய், காலுக்குள்ள ரத்தக்கட்டி இருந்தவங்க இந்த முழுசா புதையற சமாச்சாரம் பக்கமே போகக்கூடாது. நம்ம கடற்கரைல போயி தானே குழி தோண்டி படுக்கலாம்னு ஐடியா பண்றவங்களுக்கும் ஒண்ணு, நாய் அசிங்கம் பண்ண மணல்ல கொக்கிப்புழு குஞ்சு இருக்கும், தோலுக்குள்ள பூந்து கோடு கோடா ஊர்ந்து போகும், அரிப்பு தாங்காது.

சரி, சூடு கெட்டதானு கேட்டா இல்லீங்க. தேஞ்ச ஜவ்வுல நரம்பே கிடையாது, வலி வர்றது சுத்தி இருக்கற சவ்வு, எலும்பு, இறுகிப்போன தசைலருந்து. மேல வைக்கற சூடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்ள போகும், தசை இளகும், கொஞ்ச நேரம் வலி அடங்கும். அமெரிக்க வாத நோய் டாக்டர்கள் சங்கம் 2019ல போட்ட வழிகாட்டுதல்ல சூட்டு ஒத்தடத்த "வேணும்னா பண்ணலாம்"ங்கற லெவல்ல வச்சிருக்காங்க, உடற்பயிற்சி, எடை குறைக்கறது, தாய் சீங்கற சீன மெதுநடைப் பயிற்சி இதுக்கெல்லாம் தான் "கண்டிப்பா பண்ணு". நாங்க கிளினிக்ல ஒட்டி விடற கரண்ட் மெஷின், டென்ஸ்னு சொல்வாங்களே, அத "வேண்டாம்"னே சொல்லிட்டாங்க, எங்க ஆளுங்க பாதிப்பேரு இன்னும் அதுக்குத்தான் பில்லு போடறாங்க.

வன்னிமகள்:
நான் இலங்கையில இருந்து எழுதுறன். எங்கட புல்மோட்டையிலயும் இந்தக் கருப்பு மணல் இருக்கு, இல்மனைட் எடுக்கிறதுக்கு தொழிற்சாலையே இருக்கு. அங்க வேலை செய்யிற ஆக்களுக்கு முழங்கால் நோ இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லிக் கேள்விப்படேல்ல.

ஆனா எனக்கொரு விசயம் விளங்கேல்ல. நீங்கள் எல்லாரும் தாதுவோ சூடோ எண்டு பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கிறியள். நோகிற மனுசிக்கு அது எதுக்கு? பட்டையக் கட்டினா ரெண்டு மணித்தியாலம் நோ குறையுதெண்டா அது எதால குறைஞ்சாத்தான் என்ன? என்ர மாமிக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் மணல் வறுத்து ஒத்தணம் குடுக்கிறனான், அவ நிம்மதியாப் படுக்கிறா. அதுக்கு ஆராய்ச்சி கேட்டு நான் காத்திருக்கேலாது.

புள்ளிவிவரப்புலி:
வன்னிமகள், உங்க மாமி விஷயத்துல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. நீங்க வறுக்கற மணலுக்கு காசு கிடையாது, ஜவ்வு வளரும்னு நீங்க யாருக்கும் வாக்கு குடுக்கல. 4,800 ரூபா எதுக்குன்னா தாதுக்கு, சூட்டுக்கு இல்ல. சூடுதான் வேலை செய்யுதுன்னா அந்த விலைல முக்கால்வாசி பொய்க்கு குடுக்கற விலை. அதோட ஜவ்வு வளருதுன்னு நம்புனவங்க நடக்கறத, எடை குறைக்கறத தள்ளிப் போடுவாங்க, அதுதான் எனக்கு கவலை.

ஒரு நியாயமான டெஸ்ட்டோட சாயல் எப்படி இருக்கும்னா, பிரான்ஸ்ல 2010ல வெந்நீர் ஊற்று, சேத்துப் பத்து சிகிச்சைக்கு பண்ணத பாருங்க. 462 பேரு, எல்லாருக்கும் வீட்டுல பண்ற பயிற்சி உண்டு, பாதிப் பேருக்கு கூடுதலா மூணு வாரம் பக்கம் ஊற்று சிகிச்சை. இதுல ஒரு தந்திரம் பண்ணாங்க, சீட்டு குலுக்கிப் பிரிச்சதுக்கு அப்புறம்தான் சம்மதம் வாங்குனாங்க, அதனால பயிற்சி மட்டும் கிடைச்சவங்களுக்கு "ஐயோ எனக்கு ஊற்று கிடைக்கலையே"ங்கற ஏமாத்தம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு ஊற்றுக் குழுல 51 சதவீதம் பேரு தேறுனாங்க, பயிற்சிக் குழுல 36. நல்ல வித்தியாசம்தான். ஆனா அதுலயும் ஊற்றுத் தண்ணியா, மசாஜா, மூணு வாரம் கவனிப்பாங்கறத பிரிக்க முடியல.

அளக்கறதுக்கு வோமாக்னு ஒரு கேள்வித்தாள் இருக்கு, 24 கேள்வி, வலிக்கு அஞ்சு, விறைப்புக்கு ரெண்டு, மீதி 17ம் அன்றாட வேலை பத்தி, படி இறங்குறது, நாற்காலில இருந்து எழறது, சாக்ஸ் போடறது. நம்ம ஊருக்கு சாக்ஸ எடுத்துட்டு தரைல சம்மணம் போடறத வைக்கணும்னு நான் சண்டை போடுவேன். மணல் கட்டுன அரை மணி நேரத்துல கேட்டா எல்லாரும் சூப்பர்னுதான் சொல்வாங்க, மூணு மாசம், ஆறு மாசம் கழிச்சு, கட்டி விட்டவர் இல்லாம வேற ஒருத்தர் கேக்கணும். டெஸ்ட் ஆரம்பிக்கும் முன்னாடியே சிடிஆர்ஐல, அதாவது மருத்துவ டெஸ்ட்டுகளுக்கான இந்தியப் பதிவேட்டுல, பதிவு பண்ணி எத அளக்கப் போறோம்னு எழுதி வைக்கணும், இல்லேன்னா கடைசில எது நல்லா வந்துச்சோ அதத்தான் நோக்கம்னு மாத்திடுவாங்க.

ஒற்றடம்_சித்தா:
நீங்க சொல்ற முறைல எனக்கு ஒரு இடிக்கிற இடம் இருக்கு. நான் ஒருத்தருக்கு எண்ணெய் ஒத்தடம், இன்னொருத்தருக்கு வறண்ட ஒத்தடம்னு ஆள் பாத்து மாத்துவேன். எல்லாருக்கும் ஒரே பட்டை, ஒரே சூடுன்னு கட்டி விட்டு "சித்த மருத்துவம் தோத்துடுச்சு"ன்னு எழுதுனா அது நியாயமா?

புள்ளிவிவரப்புலி:
நியாயம் இல்லதான். அதுக்கும் வழி உண்டு, நீங்க பாத்து முடிவு பண்ற முறைய ஒரு குழுவுக்கு, சீட்டு குலுக்கி வந்த முறைய இன்னொரு குழுவுக்குன்னு வச்சு ஆள் பாத்து மாத்துறது பலன் தருதாங்கறதையே டெஸ்ட் பண்ணலாம். ஆனா இந்த பட்டைக்காரர் ஆள் பாத்தா விக்கிறார்? எல்லாருக்கும் ஒரே பட்டை, மூணு நிமிஷம்னுதானே சொல்றார். அவர் வாதத்த அவர் அளவுகோல்லயே பாக்கலாம்.

வைகைக்கரை:
சுகர் விஷயத்துக்கு டாக்டர பாத்துட்டு வந்தாச்சு. பாதத்துல ரெண்டு இடத்துல இழை குத்துறது தெரியலையாம், முட்டிய சுத்தி உணர்ச்சி நல்லா இருக்கு, மெதுவான சூடு, பக்கத்துல ஆள் இருக்கறப்ப மட்டும் ஓகேன்னு சொன்னாங்க. எதிர்பாக்காத விஷயம், சித்தப்பா அந்த பட்டைய வாங்கி கொரியர்லயே அனுப்பிட்டார். அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கல. இப்ப வீட்டுக்குள்ளயே ஒரு டெஸ்ட் பண்ணலாம்னு தோணுது, ஒரு முட்டில இந்த பட்டை, இன்னொரு முட்டில ஆத்து மணல் பட்டை. சரிதானா?

புள்ளிவிவரப்புலி:
ரெண்டு முட்டியும் ஒரே மாதிரி இல்லையே, வலதுதான் மோசம்னு சொன்னீங்க. அதனால முட்டிய பிரிக்காதீங்க, வாரத்த பிரிங்க. அதே நிறத் துணில அதே மாதிரி ஒரு பட்டைய தைச்சு ஆத்து மணல போடுங்க, எடை போட்டு சமமா வைங்க. ரெண்டுக்கும் மஞ்சள் நூல், பச்சை நூல்னு அடையாளம், எது எதுன்னு தைச்சவருக்கு மட்டும்தான் தெரியணும், அம்மாவுக்கும் தெரியக்கூடாது, கட்டி விடற உங்களுக்கும் தெரியக்கூடாது. எந்த வாரம் எதுங்கறத காசு சுண்டி முடிவு பண்ணுங்க. அடுத்த நாள் காலைல, சூட்டோட சுகம் போனதுக்கு அப்புறம், படி இறங்குற வலிக்கு பத்துக்கு எத்தனைன்னு அம்மா காலண்டர்ல எழுதட்டும்.

உலைக்கூடம்:
ஒரு நிமிஷம், இதுல பெரிய ஓட்டை இருக்கு. சுத்தமா காஞ்ச ஆத்து மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், மைக்ரோவேவ் அதுல பிடிக்காம ஊடுருவிப் போயிரும், மூணு நிமிஷம் வச்சாலும் சுமாராத்தான் சூடாகும். கருப்பு மணல்ல மேக்னடைட்டோ இல்மனைட்டோ, அதாவது இரும்பு கலந்த தாது, இருந்தா அதுங்க மைக்ரோவேவ நல்லா உறிஞ்சும், அதே மூணு நிமிஷத்துல பயங்கரமா கொதிக்கும். அப்ப மஞ்சள் நூலு கொதிக்கும், பச்சை நூலு ஆறிக் கிடக்கும், உங்க ரகசியம் மொத நாளே போச்சு, ஜெயிச்சது சூடுன்னு தெரியாம தாதுக்கு மாலை போடுவீங்க. இந்த பட்டை விக்கிற வீடியோல சாதா மணலயும் பக்கத்துல வச்சு "பாருங்க எங்க மணல் எவ்ளோ சூட்ட பிடிக்குது"ன்னு காட்டுறாங்கன்னா சூட்சுமம் இதுதான்.

நிமிஷத்த விடுங்க, டிகிரிய பாருங்க. ரெண்டையும் இரும்புச் சட்டிலயோ வெயில்லயோ சூடு பண்ணி, சமையல் தெர்மாமீட்டர மணலுக்கு நடுவுல குத்தி, ரெண்டும் ஒரே டிகிரிக்கு வந்ததும் கட்டுங்க. சுகர் இருக்கறதால தோல் பக்கம் 40ஐ தாண்ட வேணாம்னு நான் சொல்வேன், பிசியோ சார் திருத்தட்டும்.

பிசியோ_கோவை:
40 சரிதாங்க, நடுவுல ஒரு மடிப்பு துண்டு வைங்க, 15 நிமிஷம், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எடுத்து தோல் சிவந்திருக்கா பாருங்க. மைக்ரோவேவ்ல வைக்கவே வைக்காதீங்க, மேல ஆறிப்போயி நடுவுல ஒரு இடம் மட்டும் கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

பட்டைய அவுத்த உடனே அம்மாவ சும்மா உக்கார விடாதீங்க, தசை இளகி இருக்கற நேரம் அது. நாற்காலில உக்காந்து கால நேரா நீட்டி முன்தொடைய இறுக்கி அஞ்சு எண்ணி இறக்கறது, அப்புறம் நாற்காலில இருந்து கை ஊனாம எழுந்து உக்காரறது, முடிஞ்ச அளவு. எந்த வாரம் எந்த நூலா இருந்தாலும் பயிற்சி ஒரே அளவு இருக்கட்டும், இல்லேன்னா புலி சார் சண்டைக்கு வருவார். எடையும் பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டில விழற பாரம் நாலு கிலோ அளவுக்கு குறையுதுன்னு அமெரிக்கால அளந்து பாத்திருக்காங்க.

மணக்குடி_மைந்தன்:
பட்டைய பிரிச்சு தைக்கும்போது ஒரு காந்தத்த காட்டிப் பாருங்க. சாதா ஃபிரிட்ஜ் காந்தத்துல மீசை மீசையா ஒட்டுனா மேக்னடைட். ஒட்டவே இல்ல, கையில கருப்பா சாயம் பிடிக்குதுன்னா என்னத்தையோ சாயம் போட்டு அடைச்சிருக்கான்.

வைகைக்கரை:
அத்தை தைச்சுக் குடுத்தாங்க, எது எதுன்னு அவங்க டைரில எழுதி வச்சுக்கிட்டாங்க. காந்தத்த அவங்கதான் காட்டிப் பாத்தாங்க, ஒட்டுச்சாம், கருப்பு மணல் கனம் ஜாஸ்திங்கறதால ஆத்து மணல கூட கொஞ்சம் போட்டுத்தான் எடைய சமம் பண்ண முடிஞ்சுதாம், அதனால ஒரு பட்டை லேசா பொம்முனு இருக்கு. அம்மா அத தடவிப் பாத்துட்டு "இதுதான் சித்தப்பா அனுப்புனது, கனிமம் நிறைய இருக்குறதால புடைச்சிருக்கு"ன்னு முடிவே பண்ணிட்டாங்க. நான் வாயத் தொறக்கல.

புள்ளிவிவரப்புலி:
தொறக்காதீங்க! எது எதுன்னு கண்டுபிடிச்சீங்களானு கடைசில அம்மாகிட்ட கேட்டு அதையும் எழுதிக்கங்க. பொம்முன பட்டை கட்டுன வாரத்துல மட்டும் வலி குறைஞ்சிருந்தா அதுவே ஒரு ரிசல்ட்.

கீரைக்கட்டு:
நடுவுல பூந்து கேக்குறேன், மன்னிக்கணும். என் அக்காவுக்கு 38 வயசு, கை விரல் முட்டியெல்லாம் காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல மடக்க முடியல, முழங்கால் சிவந்து சூடா வீங்கியிருக்கு. இந்த மணல் ஒத்தடம் குடுக்கலாமா?

பிசியோ_கோவை:
குடுக்காதீங்க. ஏற்கனவே சூடா வீங்கி இருக்கற மூட்டுக்கு மேல சூடு வேண்டாம். காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல விறைப்பு, அதுவும் கை விரல்லயும் சேந்துன்னா இது தேய்மானம் மாதிரி தெரியலீங்க, முடக்குவாதமானு பாக்கணும். அது வேற நோய், அதுக்கு மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சா மூட்டு கோணலாகாம காப்பாத்தலாம். இந்த வாரமே வாத நோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ரிப்போர்ட் வந்ததும் தனியா ஒரு பதிவு போடுங்க, அங்க பேசலாம்.